விசா முடியப்போகும் சூடான் நண்பர் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்களோடு மதுரையில் படிக்கும் சூடான் நண்பருக்கு அடுத்த மாதம் விசா முடிகிறது, ஊரில் போர், விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம், வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

விசா முடிவதற்கு முன்பே இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேதி தாண்டித் தங்கினாலே குற்றம். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. கூடவே டெல்லியிலுள்ள ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிவு கேட்கட்டும். 2023 ஏப்ரல் 15இல் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் குடும்பத்துக்கு நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வைக்கட்டும். ஐ.நா. ஆணையம் தரும் அகதி அட்டை விசாவுக்கு ஈடாகாது, ஆனாலும் வேண்டும்.

உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு குடிமக்கள் அல்லாதவரையும் காக்கும் என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2021இல் மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்களை நாடுகடத்துவதை அதே நீதிமன்றம் தடுக்கவில்லை. அதனால் வழக்கறிஞர் இல்லாமல் எதிலும் இறங்க வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

வீட்டுக்காரர் பயப்படுவது போலீஸ் கேள்விக்கு என்றால், வெளிநாட்டவர் தங்கும் தகவலை 24 மணி நேரத்தில் ஆன்லைனில் பதிந்தால் போதும் என்று காட்டுங்கள். நிறம்தான் காரணம் என்றால் நெஞ்சு கொதிக்கிறது தம்பி. ஆனையூரிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்களைப் பார்த்த ஊர் இது!

புரியாத மொழியில் நீட்டும் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. அலுவலகத்துக்கு நீங்களும் கூடப் போங்கள்.