கரும்பலகையும் காலர் மைக்கும்: பாடப் பதிவு குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒலியைப் பற்றியவை. கேள்வி அனுப்புகிறவர்கள் அறையின் நீள அகலம், மின்விசிறிகளின் எண்ணிக்கை, கையில் இருக்கும் கருவியின் மாடல் ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரியில் பாடங்களைப் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்?
உதவிப் பேராசிரியர், சேலம்

அறை 20 அடியா 60 அடியா, பேசுபவர் ஒருவரா இருவரா, பதிவாவது கேமராவிலா கைப்பேசியிலா என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. இந்த நிலையில் மாடல் பெயர் சொன்னால் உங்கள் பணத்தை வீணாக்கிய பழி என்னைச் சேரும். ஒருவர் மட்டும் பேசும் வகுப்பென்றால் காலர் மைக் வாங்குங்கள். மற்றதை விவரம் எழுதினால் சொல்கிறேன்.

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு 4கே கேமரா வாங்கி, கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறோம். படம் பளிச்சென்று இருக்கிறது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எந்த மென்பொருளில் சரிசெய்யலாம்?
பொறியியல் கல்லூரித் துறைத்தலைவர், கோயம்புத்தூர்

எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இரைச்சலை ஓரளவு குறைக்கலாம், எதிரொலியைச் சற்று மட்டுப்படுத்தலாம். ஆனால் மைக்கை வந்தடையாத மெய்யெழுத்தை எந்த நிரலும் கொண்டுவந்து சேர்க்காது.

காரணத்தை விளக்குகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. சட்டையில் குத்திய மைக் வாயிலிருந்து முக்கால் அடியில் இருக்கிறது, உங்கள் கேமராவோ 25 அடியில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ 30 டெசிபல் வித்தியாசம். மின்விசிறியின் இரைச்சல் இப்படிக் குறைவதில்லை. ஒரு விசிறி கேமராவின் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சிமெண்ட் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் குரலும் நேரடிக் குரலைவிட வலுவாக வந்து சேரும். நீங்கள் சொல்லும் கிணற்றுக் குரல் அதுதான். போதாததற்கு, கேமராவின் தானியங்கி ஒலி அளவு ஆசிரியர் மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் விசிறியின் சத்தத்தைத் தூக்கிக் காட்டும்.

ஒலிப் பதிவைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்ததால் நேர்ந்த ஓர் இழப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரியில், ஓய்வு பெறவிருந்த கரிம வேதியியல் பேராசிரியர் ஒருவரின் வகுப்புகளை ஒரு பருவம் முழுவதும் நல்ல கேமராவில், கேமராவின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவர் விடைபெற்ற பிறகு அவற்றைத் தொகுத்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது எலக்ட்ரோஃபைல், நியூக்ளியோஃபைல் என்ற இரண்டு சொற்களும் "ஃபைல்" என்ற ஒரே சொல்லாகத்தான் காதில் விழுந்தன. பெரும்பாலான வினைகளை விளக்கும்போது அவர் மாறி மாறிச் சொல்ல வேண்டிய இரண்டு சொற்கள் அவை. மாணவர் அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டாலும் பாடம் விளங்காது. அவரை மீண்டும் அழைத்து நாற்பது வகுப்புகளை எடுக்கச் சொல்லவும் வழியில்லை. அப்போது இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மைக் வாங்கியிருந்தால் அந்தப் பாடங்கள் பிழைத்திருக்கும்.

படம் மங்கலாக இருந்தால் மாணவர் பாடநூலைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். குரல் புரியாவிட்டால் அங்கே பாடமே இல்லை. உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்ப்பவர்கள். அந்தச் சிறிய திரையில் 4கே படத்துக்கும் முழு எச்டி படத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே கேமராவின் விலையைக் கேட்பதற்கு முன்பு மைக்குக்குப் பணம் ஒதுக்குங்கள். இப்போதுள்ள கேமரா அங்கேயே இருக்கட்டும். ஒயர்லெஸ் காலர் மைக் ஒன்று வாங்கி, ஒலி அளவைத் தானியங்கியிலிருந்து கையால் அமைக்கும் முறைக்கு மாற்றி, குரலின் உச்சம் கேமராவின் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமாறு வைத்துக்கொள்ளுங்கள். பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேளுங்கள். திரையில் மீட்டர் அசைகிறது என்பதால் ஒலி நன்றாகப் பதிவாகிறது என்று பொருளில்லை.

சேலையில் காலர் மைக்கை எங்கே குத்துவது? சரசரவென்ற சத்தம் பாடம் முழுவதும் வருகிறது.
ஆசிரியை, அரசு உதவி பெறும் பள்ளி, மதுரை

நல்ல கேள்வி. மைக் விற்பவர்கள் கோட்டும் டையும் அணிந்தவரின் படத்தைத்தான் பெட்டியில் அச்சிடுகிறார்கள். தோளில் முந்தானையைக் குத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஊசியால் இறுகியிருக்கும் பகுதியில், முகவாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கைக் குத்துங்கள். துணி அசையாத இடத்தில் மைக்கும் அசையாது. மைக்குக்கு அடியில் ஒயரைச் சிறு வளையமாகச் சுற்றி அதே கிளிப்பில் பிடித்துவிட்டால், ஒயர் இழுபடும் சத்தம் மேலே ஏறாது. கஞ்சி போட்ட பருத்தியும் பட்டும் அதிகமாக உரசும். பதிவு நாளில் துவைத்துப் பழகிய மென்மையான பருத்திச் சேலை உதவும்.

சத்தம் சேலையிலிருந்துதான் வருகிறதா என்பதையும் பாருங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தாலிச் சங்கிலி, கண்ணாடி வளையல் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொன்றாக மெல்ல அசைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வையுங்கள், சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது குரல் குறைவதாக உணர்ந்தால், எந்தத் தோள் பக்கம் தலை திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்கு மைக்கை மாற்றிக் குத்துங்கள்.

காணொளியில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா பழுதா?
ஆய்வக உதவியாளர், திருச்சி

பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கேமரா 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்குரிய அமைப்பில் இருக்கிறது. அதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள்.

கரும்பலகையில் எழுதுவது பதிவில் தெரியவில்லை. 4கே வாங்கினால் தெரியுமா?
கணித ஆசிரியர், தருமபுரி

வாங்குவதற்கு முன் சட்டகத்தை இறுக்குங்கள், அதாவது படத்தில் பலகை மட்டும் தெரியுமாறு வையுங்கள். முழு எச்டி படத்தின் அகலம் 1920 புள்ளிகள். 12 அடிப் பலகை மட்டும் சட்டகத்தை நிரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 13 புள்ளிகள் கிடைக்கும். 2 அங்குல உயர எழுத்துக்கு 26 புள்ளிகள், அது தெளிவாகப் படிக்கத்தக்க அளவு. நீங்கள் அனுப்பிய மாதிரியில் இரு பக்கச் சன்னல்கள், மாணவர்களின் தலைகள், சுவர்க் கடிகாரம் எல்லாம் சேர்ந்து 32 அடி அகலம் தெரிகிறது. அதே எழுத்துக்கு அங்கே 10 புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன. கோப்பைச் சுருக்கும்போது அதுவும் கரைந்துவிடுகிறது. சன்னல்களை வெளியே தள்ளிவிட்டால் உங்களிடம் உள்ள கேமராவே போதும்.

இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பலகையை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு எழுதுங்கள். பழைய சுண்ணப்பொடி படிந்த சாம்பல் நிறப் பலகையில் வெள்ளை எழுத்து எடுபடாது. பலகையில் டியூப்லைட் பளபளப்பது தெரிந்தால் கேமராவை ஓரிரு அடி பக்கவாட்டில் நகர்த்துங்கள், அல்லது பலகைக்கு நேர் முன்னால் உள்ள விளக்கை மட்டும் அணையுங்கள்.

புரொஜெக்டர் திரை வெள்ளையாகும் ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் முகம் இருண்டுவிடுகிறது.
விரிவுரையாளர், திருநெல்வேலி

வெளிச்சத்தைக் கேமரா தானாக அளப்பதால் இது நிகழ்கிறது. எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) வெண்சமநிலையையும் (நிறச் சமநிலை) கையால் அமைத்துப் பூட்டிவிடுங்கள், முகத்தை அளவாகக் கொள்ளுங்கள். திரை வெளுத்துப் போனாலும் பாதகமில்லை, ஏனென்றால் திரையைக் கேமராவால் படம் பிடிப்பதே தவறு. சிலைடுகளை மடிக்கணினியிலேயே திரைப்பதிவாக எடுத்துக்கொண்டு, தொகுக்கும்போது இணையுங்கள். இரண்டு பதிவுகளையும் ஓட விட்டபின் ஒருமுறை கைதட்டினால் அந்த ஒலியை வைத்துப் பொருத்திவிடலாம். வகுப்பு முடியும்போதும் ஒரு கைதட்டல் வேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால், ஒரு மணி நேர முடிவில் உதட்டசைவு சில பிரேம்கள் விலகியிருக்கும்.

அரங்க ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டைக் கேமராவின் மைக் துளையில் கொடுத்தோம். குரல் கரகரவென்று உடைகிறது, கூடவே ரீங்காரமும் கேட்கிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார்.
கல்லூரி நிர்வாக அலுவலர், ஈரோடு

எர்த் பின்னை எடுக்காதீர்கள். அந்தப் பின் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால், உலோக மைக்கைப் பிடித்திருப்பவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். பதிவு நன்றாக வர வேண்டும் என்பதற்காக யாருடைய உயிரையும் பணயம் வைக்கக் கூடாது.

குரல் உடைவதற்குக் காரணம் வேறு. ஆம்ப்ளிஃபையரின் லைன் அவுட் ஏறத்தாழ ஒரு வோல்ட் தருகிறது, மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். கேமரா மெனுவில் லைன் இன்புட் என்று மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இடையில், ஒலியின் வோல்ட் அளவைக் குறைத்துத் தரும் அட்டென்யுவேட்டர் கேபிள் ஒன்று போடுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் முனையிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். ரீங்காரத்துக்கு முதல் வேலையாக, கேமராவின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அது நின்றுவிட்டால், இரண்டு இடங்களில் எர்த் ஆவதுதான் சிக்கல் என்று புரியும். அதன்பின் இரண்டு கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் இணைக்கலாம், அல்லது ஒலிக்கம்பியின் நடுவே, இரு கருவிகளின் எர்த்தையும் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வைக்கலாம்.

மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பதிவாக எத்தனை மைக் தொங்கவிட வேண்டும்?
முதல்வர், தனியார் கல்லூரி, வேலூர்

ஒன்றும் வேண்டாம். கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலளிக்கட்டும். கூரையிலிருந்து தொங்கும் மைக் கேள்வியைவிட மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்கும்.

சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகுமா?
பயிற்சி மைய உரிமையாளர், விழுப்புரம்

மிகச் சிறிதளவே குறையும், வெளிச் சத்தம் துளியும் குறையாது. அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பிள்ளைகள் உட்காரும் அறையில் ஒட்டவே கூடாது. பின்சுவரிலும் சன்னல்களிலும் கனத்த திரைச்சீலைகளை, சுவரிலிருந்து நான்கைந்து அங்குலம் விலக்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள்.

எங்கள் பதிவுகளும் என்பிடெல் காணொளிகள் போல இருக்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்புகிறது.
உதவிப் பேராசிரியை, சென்னை

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது. அதன் பாடங்களில் பல, விசிறியும் மாணவர் கூட்டமும் இல்லாத ஸ்டூடியோ அறையில், ஆசிரியர் கேமராவைப் பார்த்துப் பேசிப் பதிவானவை. அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்த அமைதியை எதிர்பார்க்க முடியாது. நிர்வாகத்துக்கு அந்தத் தரம் வேண்டுமென்றால், மாலையில் ஓர் அறையை ஒதுக்கி, திரைச்சீலை போட்டு, ஆசிரியருக்கு அந்த நேரத்துக்குரிய பணிச்சுமைக் கழிவையும் தரச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் காலர் மைக் செருகியும் பழைய ஒலிதான் வருகிறது.
ஆசிரியர், நாகப்பட்டினம்

கைப்பேசி தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறது. பதிவை ஓடவிட்டுக் காலர் மைக்கின் தலையை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு கைப்பேசியின் அடிப்பகுதியைச் சுரண்டுங்கள். எந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்கிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது. கேமராவுக்கான மைக்கின் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்களும், கைப்பேசிக்கானதில் மூன்றும் இருக்கும்; உங்களுடையதில் இரண்டு இருந்தால் மாற்றி இணைக்கும் சிறு கேபிள் ஒன்று போதும்.

பதிவு சரியாக அரைமணி நேரத்தில் நின்றுவிடுகிறது. மெமரி கார்டில் இடம் இருக்கிறது.
விரிவுரையாளர், தூத்துக்குடி

உங்களுடையது புகைப்படக் கேமரா. அவற்றில் பல மாடல்கள் ஒரு பதிவை 29 நிமிடம் 59 நொடியில் நிறுத்திவிடும்படியே தயாரிக்கப்பட்டவை. கார்டை மாற்றுவதால் பயனில்லை. 25ஆம் நிமிடத்தில் ஆசிரியர் பலகையை அழிக்கும் நேரம் பார்த்து நிறுத்தி, உடனே மீண்டும் தொடங்குங்கள். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்த பிறகு அவருக்குக் கை காட்டுங்கள்.