அப்டேட்டுக்குப் பிறகு கண் உளைவு: போனில் எதைப் பார்ப்பது?

கேள்வி: போனை அப்டேட் செய்ததிலிருந்து கண் உளைகிறது, தலையிடியும் வருகிறது. இரவில் லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் அதிகம். அப்டேட்டால் இப்படி வருமா? பழைய வேர்ஷனுக்குத் திரும்பலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: வரலாம். அப்டேட் திரையை மாற்றாது. அதை இயக்கும் விதத்தையும் நீங்கள் போட்டு வைத்த செட்டிங்ஸையும் மாற்றிவிடக்கூடும். இருட்டில்தான் அதிகம் என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்றைய போன்கள் பலவற்றில் உள்ள ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகள் பல, வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னால் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து அணைந்து எரிகின்றன. சாம்சங் போன்கள் பலவற்றில் இது சுமார் 240 தடவை, ஐபோன்கள் பலவற்றில் சுமார் 480. வெளிச்சம் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் கூடும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு சிலருக்குத் தலையிடியைக் கொடுக்கக்கூடும். அப்டேட்டின்போது ஓட்டோ பிரைட்னஸ் தானாக ஒன் ஆகியிருந்தாலோ, உங்களிடம் பழகி வைத்திருந்த அளவை அது மறந்திருந்தாலோ, திரை முன்பைவிட மங்கலாக ஓடும்.

சோதிப்பது சுலபம். வீட்டில் உள்ள இன்னொரு ஆண்ட்ராய்ட் போனின் கமராவை புரோ மோடில் போட்டு, ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். உங்கள் போனில் வெறும் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து அந்தக் கமராவால் பாருங்கள். வெளிச்சம் முழுதாக இருக்கும்போது மெல்லியதாகத் தெரிந்த கறுப்புப் பட்டைகள், வெளிச்சத்தை 20 வீதத்துக்குக் குறைத்ததும் தடிக்கின்றனவா? அப்படியானால் அந்தத் துடிப்பின் மேல் சந்தேகப்படலாம்.

தீர்வு: ஓட்டோ பிரைட்னஸை நிறுத்தி, வெளிச்சத்தைப் பாதிக்கு மேலே வைத்துவிட்டு, மங்கலை மென்பொருளால் கொண்டுவாருங்கள். ஐபோனில் எக்செஸிபிலிட்டி, டிஸ்ப்ளே அன்ட் டெக்ஸ்ட் சைஸ், ரெடியூஸ் வைட் பொயின்ட். 50 வீதத்தில் தொடங்குங்கள். ஓட்டோ பிரைட்னஸும் அதே பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்ட் 12 முதல் எக்செஸிபிலிட்டியில் எக்ஸ்ட்ரா டிம் உண்டு. ஐபோன் 17 வரிசை என்றால் இந்தத் துடிப்பை மென்மையாக்கும் டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூதிங்கை ஒன் செய்து பாருங்கள்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். அப்டேட்டில் சிறுத்திருந்தால் கை தானாகவே போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவரும். 40 சென்ரிமீற்றர் தூரத்தில் சிரமமில்லாமல் வாசிக்க முடிய வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, அப்டேட்டின் மேல் போடும் பழி பல சமயம் வெள்ளெழுத்துக்கே உரியது. டார்க் மோட் புதிதாக வந்திருந்தால் நிறுத்திப் பாருங்கள். அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீரில்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து தெரியும்.

நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023 இல் வெளியிட்ட மீளாய்வு, திரை பார்ப்பதால் வரும் உளைவை அது குறைப்பதாகக் காணவில்லை. பகல் முழுக்க ஏசி அறையில் வேலை என்றால் கண் வறட்சியும் சேர்ந்திருக்கும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைவு.

பழைய வேர்ஷனுக்குப் போகும் யோசனை வேண்டாம். ஐபோனில் சில வாரங்களில் அந்த வழி அடைபட்டுவிடும். ஆண்ட்ராய்டில் பொதுவாகப் போனில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும், பாதுகாப்புத் திருத்தங்களையும் இழப்பீர்கள்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் கண்ணைப் பரிசோதியுங்கள். ஒரு கண் மட்டும் நொந்தாலோ, சிவந்து பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ காத்திருக்காமல் அன்றைக்கே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள்.