ஊதச் சொன்னால் மறுக்கலாமா? ஒரு விபத்து வழக்கு வக்கீலின் பதில்கள்

செங்கல்பட்டுப் பக்கம் இருபது வருடமாக விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான் எனக்குப் பிழைப்பு. குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவரும் வருவார். அப்படி ஒருவர் இடித்ததில் ஆளை இழந்த வீட்டாரும் வருவார்கள். இரு தரப்புக் கேள்விகளும் இங்கே கலந்துதான் இருக்கும்.

ராத்திரி பேரிகார்டு போட்டு வருகிற வண்டியை எல்லாம் நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். குடிக்கவே குடிக்காத நான் மறுக்கலாமா சார்? (திருச்சி)

சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கை காட்டினால் நிறுத்தியாக வேண்டும், லைசென்ஸ் கேட்டால் காட்டியாக வேண்டும். ஊதச் சொல்வது வேறு விஷயம். நீங்கள் குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்லலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு. வாடை, நாக்குழறல், வண்டி தள்ளாடியது, இப்படி ஏதாவது ஒன்று. நடைமுறையில் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் ரோட்டில் வருவதே காரணமாகிவிடுகிறது. அது தப்பு என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்த வாதத்தை நடுரோட்டில் வைக்காதீர்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருந்து நீங்கள் மறுத்தால் கைது செய்ய அதே பிரிவு இடம் தருகிறது. காரணமில்லாமல் மறுத்தது கோர்ட்டிலும் உங்களுக்கு எதிராகப் பேசும். குடிக்காதவர் ஊதிவிட்டுப் போவதே மேல். குழலை மட்டும் கண் முன்னே கவரைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். முன்னால் ஊதியவரின் எச்சிலோடு நீட்டினால் தாராளமாக மறுக்கலாம்.

ஒரே ஒரு பீர்தான். மெஷின் 34 காட்டியது. பத்தாயிரம் என்கிறார்கள். (சென்னை)

100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் வரைதான் விடுகிறது 185-வது பிரிவு. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை கோர்ட்டில்தான் கட்ட வேண்டும். ரோட்டோரம் கையில் கேட்டால் அதற்குப் பெயர் அபராதம் இல்லை.

உங்கள் பக்கம் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். குடித்த கையோடு, அல்லது மவுத்வாஷ் கொப்பளித்த கையோடு ஊதினால் வாயில் தங்கியது அளவைக் கூட்டிக் காட்டும். பதினைந்து நிமிடம் விட்டு இன்னொரு தரம் ஊதக் கேளுங்கள். கைது செய்தால் ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும். 202-வது பிரிவில் கைது என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். தவறினால் விட்டுவிட வேண்டும்.

ஓட்டியது நண்பன். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குமா கேஸ்? (வேலூர்)

188-வது பிரிவு, உடந்தை. உடன் வருகிறவர் மீதும் வழக்கு என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். சாவியைக் கொடுத்து 'ஓட்டுடா' என்றவன் உடந்தைதான். சும்மா பின்சீட்டில் இருந்ததாலேயே உடந்தையாகிவிடுமா என்றால், கோர்ட்டில் சண்டை போட இடமிருக்கிறது.

குடிக்காத தம்பி வந்து கேட்டும் வண்டியைத் தரவில்லை. (கோவை)

குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஆள் வந்தால் வண்டியை ஒப்படைக்கச் சொல்லி 2021-ல் தெலங்கானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இங்கே அது கட்டுப்படுத்தாது, ஆனால் எழுதிக் கொடுக்கும் மனுவில் காட்டலாம்.

அண்ணன் பெயின்டர், வயது 38. குடித்திருந்த கார்க்காரன் இடித்து இறந்துவிட்டார். மறுநாளே ஜாமீனில் வந்துவிட்டான். இவ்வளவுதானா? (விழுப்புரம்)

எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பாருங்கள் தம்பி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) என்று இருந்தால் அது கவனக்குறைவால் மரணம். ஐந்து வருடம் வரை, ஜாமீன் கிடைக்கும் குற்றம். ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டியதாகக் காட்ட முடிந்தால் 105 வரும். பத்து வருடம் வரை, எளிதில் ஜாமீன் இல்லை. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் குடித்தவன் ஓட்டிய கார் ஏறி இறந்த வழக்கில் கீழ் கோர்ட் ஆறு மாதம்தான் கொடுத்தது. உயர் நீதிமன்றம் பழைய சட்டத்தின் 304-ஐ (இப்போதைய 105) போட்டு மூன்று வருடமாக்க, 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தது. உங்கள் கேஸில் ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர்? பிரிவை மாற்றச் சொல்லி எஸ்.பி.க்கு மனு கொடுக்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள்.

அதே வழக்கு. ஓட்டியவன் குடித்திருந்ததால் பணம் இல்லை என்கிறது இன்சூரன்ஸ். அண்ணன் வாயிலும் வாடை என்று ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதியிருக்கிறார்களாம்.

குடி, கம்பெனிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் எதிர்வாதம்தான். ஆனாலும் 'முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்' என்றே தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. வெறும் வாடையை வைத்துக் குடிபோதை என்று முடிவு கட்ட முடியாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணக்கு இப்படிப் போகும். மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்குக் கீழே, சொந்தத் தொழில் என்பதால் வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நாலு பேர் நம்பியிருந்தால், அவர் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து 15,750. வருடத்துக்கு 1,89,000. இந்த வருடத் தொகையை வயதைப் பார்த்து ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 38 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 15. ஆக 28,35,000, ஈமச் செலவு போன்றவை தனி. கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து எட்டு லட்சத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடச் சொல்கிறது சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், இருந்தாலும் நீங்கள் அதை நம்பித் தள்ளிப் போடாதீர்கள்.

என் மகனை இடித்தவனிடம் ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். மது இல்லை என்று வந்துவிட்டது. (தூத்துக்குடி)

அம்மா, உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவைக் குறைத்துவிடும். 120-ல் ஓட்டியவனுக்குக்கூட ஒன்பது மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஆக அந்த ரிப்போர்ட்டை வைத்து அவன் குடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. எனக்கு வந்த ஒரு வழக்கிலும் இதே கதை. கடைசியில் உதவியது பார் வாசல் கேமராவும் பில்லும். 2024-ல் புனேயில் போர்ஷே கார் இடித்த வழக்கில் ஓட்டியவனின் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாகக் குற்றச்சாட்டு. அங்கேயும் பார் பில்லும் கேமராப் பதிவும்தான் போலீஸுக்குக் கை கொடுத்தன. கேமராப் பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும். பார், பெட்ரோல் பங்க், டோல்கேட் மூன்று இடத்துப் பதிவையும் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு இன்றைக்கே எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.