இரண்டரை வயதில் கால அட்டவணை எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயதாகிறது. நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்கும் மழலையர் பள்ளி ஒன்றில் அவளைச் சேர்க்க எண்ணுகிறோம். எழுத்து, எண், பாட்டு, ஓவியம் என 40 நிமிடத்துக்கு ஒரு வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர். இப்போதே தொடங்கினால்தான் பின்னாளில் படிப்பில் முந்துவாள் என்கிறார்கள். இது அவளுக்கு ஏற்றதா?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் குழந்தையை நல்ல கைகளில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்கள் குடும்பத்தின் நியாயமான தேவை, அதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரம் முழுவதையும் வகுப்புகளால் நிரப்புவது குழந்தையின் தேவை அன்று. முழுநாள் பராமரிப்பு அவளுக்குப் பொருந்தக்கூடும். முழுநாள் பாடத்திட்டம் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

சீக்கிரம் தொடங்கினால் முந்தலாம் என்பவர்கள் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவது, 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வை. அங்கே பயின்ற வறிய குடும்பத்துக் குழந்தைகள் வளர்ந்த பிறகு வேலையிலும் வருமானத்திலும் மேம்பட்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் 3, 4 வயதினர். பள்ளி நடந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். என்ன செய்யப்போகிறோம் என்பதைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே சென்று தாயையும் குழந்தையையும் சந்தித்தார்கள். அந்தப் பலனைக் காட்டி இரண்டரை வயதுக் குழந்தையை ஏழு மணி நேரம் வகுப்புகளில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே நாட்டில் 1991-இல் தொடங்கி, 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த மற்றொரு பெரிய ஆய்வு, பராமரிப்பின் தரம் உயர்ந்த இடங்களில் மொழித்திறன் ஓரளவு மேம்படுவதையும், பராமரிப்பு மையங்களில் கழியும் நேரம் கூடக்கூட அடம், சண்டை போன்றவை சற்றே மிகுவதையும் கண்டது. அந்த மிகுதி பெரும்பாலும் இயல்பான வரம்புக்குள்ளேயே இருந்தது. குழந்தையின் வளர்ச்சியோடு வீட்டுச் சூழலுக்கு இருந்த தொடர்பு இவை எல்லாவற்றையும்விட வலுவாக இருந்தது. ஆகவே அஞ்ச வேண்டாம். ஆனால் நேரத்தைக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள்.

இந்த வயதில் ஓய்வும் ஓட்டமும் பாடத்தைவிட முக்கியம். ஒரு வயது நிறைந்து மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கமும், நாளில் குறைந்தது 180 நிமிட உடல் அசைவும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. பலருக்கு நடுவே நாள் முழுவதும் இருப்பதே சிறு குழந்தைக்குக் கடும் உழைப்பு: காலையிலிருந்து மாலைக்குள் குறைய வேண்டிய கார்ட்டிசோல் என்னும் மன அழுத்தச் சுரப்பு, பராமரிப்பு மையங்களில் பல குழந்தைகளுக்குப் பிற்பகலில் உயர்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னதில் எனக்கு மிகவும் கவலை தருவது, வகுப்புக்கு வகுப்பு ஆசிரியர் மாறுவதுதான். அழும்போது தேடிப் போக ஒரே முகம், அவளது பசியையும் தூக்கத்தையும் சொல்லாமலே அறியும் ஒருவர், நாள் முழுவதும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள், உட்கார மறுக்கும் குழந்தையை என்ன செய்கிறார்கள், தூங்க இடம் உண்டா என்பவற்றையும் விசாரியுங்கள். எல்லோரும் களைத்திருக்கும் பிற்பகலில் நேரில் சென்று பாருங்கள். அந்த வேளையில் பெரியவர்களின் குரல் எப்படி இருக்கிறது என்பது பாடத்திட்ட அறிக்கையில் இராது.

சேர்த்த பிறகு, முதல் சில வாரங்கள் உங்களில் ஒருவர் முன்னதாகவே வந்து அழைத்துச் சென்று, நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். மாலையில் உங்களைக் கண்டதும் அவள் அழக்கூடும். பகலெல்லாம் அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் இறக்கி வைக்கிறாள் என்று கொண்டு, என்ன படித்தாய் என்று கேளாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாரங்கள் கடந்தும் தூக்கமும் உணவும் குலைந்தே இருந்தால், நேரத்தையோ இடத்தையோ தயங்காமல் மாற்றுங்கள்.