கிளிசிரிடியாவுக்கு ஹட்டன் குளிர் ஆகாது

கேள்வி: ஹட்டனுக்கு மேலே, பழைய தேயிலையைப் பிடுங்கிய முப்பது பேர்ச் சரிவில் ஆனைக்கொய்யா, தோடை, கோப்பி எல்லாம் கலந்து நட்டு ஒரு வருடமாகிறது. வெட்டி மண்மேல் பரப்பும் தழைக்கு, அதாவது மூடாக்குக்கென்று கிளிசிரிடியாத் தடிகள் ஊன்றினேன். பாதி அழுகிவிட்டன, மீதி ஊன்றியபடியே நிற்கின்றன. வேகமாக இலைதழை தரும் வேறு எதை நடலாம்?

பதில்: தடியில் பிழையில்லை. கிளிசிரிடியா கண்டி, மாத்தளைப் பக்கத்து வெப்பத்தில் செழிக்கும் மரம். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் அதற்கும் மேலே. அங்கே அது பிழைத்தாலும் கத்தி வைக்கும் அளவுக்குத் தழைக்காது.

உங்களுக்கு வேண்டியது வீதியோரத்தில் சும்மா நிற்கிறது: மஞ்சள் பூப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி. கட்டைவிரல் தடிப்புள்ள முற்றிய தண்டை ஓரடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். தென்மேல் பருவமழை பிடித்தவுடன் நட்டால் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே, கான் (வடிகால்) ஓரமாக வரிசை பிடித்தால் மண்ணும் நிற்கும். பழக்கன்றுக்கு மூன்றடி தள்ளியே இருக்கட்டும்.

நட்டவர்கள் பலரும் கோட்டைவிடுவது வெட்டுவதில்தான். பூ அழகாயிருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். தண்டு கட்டையாகிவிடும், விதை அடுத்தவர் காணிக்கும் போய்விடும். மொட்டு விடுமுன்பே கவ்வாத்துக் கத்தியால் முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்குள் மறுபடி கத்திக்கு வந்துவிடும்.

வெட்டியதைப் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். இலை கறுத்துக் கூழாகியிருக்கும், தண்டு மட்டும் கிடக்கும். பசளையாக அது அருமை, தழைச்சத்தும் (நைதரசன்) பொட்டாசியமும் நிறைய. ஆனால் மண்ணை நெடுநாள் மூடாது. அதற்குக் குவாத்தமாலாப் புல் வேண்டும். தேயிலையை மீள நடுமுன் ஒன்றரை, இரண்டு வருடம் இந்தப் புல்லை வளர்த்து மண்ணைத் தேற்றுவது தோட்டங்களில் பழைய வழக்கம். கீழே சூரியகாந்தி இலை, அதன்மேல் புல் என்று போடுங்கள்.

இன்னொன்று. காட்டுச் சூரியகாந்தி அவரையினம் அல்ல. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்காது, மண்ணில் இருப்பதைத்தான் திரட்டித் தரும். எனவே முதல் வருடம் அந்த வரிசைக்கும் கொஞ்சம் மாட்டெரு போடுங்கள். தழைச்சத்துக்கு முள்முருக்கின் உறவான டடப் இருக்கிறது, தேயிலைக்கு நிழலாக நின்ற மரம்தான். தடியை வெட்டியவுடன் ஊன்றாமல் சில நாள் நிழலில் சாத்தி, வெட்டுவாய் காய்ந்தபின் நடுங்கள். அழுகல் குறையும்.

மூடாக்கு எவ்வளவு கிடைத்தாலும் ஆனைக்கொய்யாவின் அடியைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக விடுங்கள். உங்கள் ஊர் மழையில் ஈரத்தழை தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அடி அழுகும். பார்க்கப் போகும்போது காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். மூடாக்கு தடிக்கத் தடிக்க அட்டையும் கூடும்.