கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது மனம் தடுமாறுகிறது

கேள்வி: ஆறு வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். வேறு இடத்தில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மேலாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதும், "கடிதமெல்லாம் இப்போது வேண்டாம், ஒரு வாரம் பொறு. அந்தச் சம்பளத்தை நாங்களே தருகிறோம்" என்கிறார். நல்ல மனிதர். என்ன செய்வது?

பதில்: ராஜினாமா கடிதத்தை இன்றே கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள், பெரும்பாலும் எழுத்தில் கொடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும். நீங்கள் பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில் சேரும் தேதியைத் தள்ளிவிடும். நான்கு வரி போதும்: விலகுகிறேன், கடைசி வேலை நாள் இது, பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன், நன்றி. காரணமும் புகாரும் அதில் வேண்டாம். மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அப்புறம் சம்பள விஷயம். நீங்கள் ஏன் வேறு வேலை தேடினீர்கள் என்று எனக்கு எழுதிய கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. வேலைச் சுமையா, வளர வழியில்லையா, ஆறு வருடமாக ஒரே வேலையைச் செய்து சலித்துவிட்டதா? அப்படியென்றால் சம்பளம் கூடினாலும் நாளைக் காலை அதே நாற்காலி, அதே வேலைதான். சில மாதங்களில் மறுபடி தேடத் தொடங்குவீர்கள். அப்போது இந்தப் புதிய வேலை உங்களுக்காகக் காத்திருக்காது.

சம்பளம் ஒன்றுதான் குறை என்றால் தங்குவது தப்பில்லை. ஆனால் வாக்குறுதியை நம்பித் தங்காதீர்கள். எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்த வருட உயர்வைத்தான் இப்போதே தருகிறார்களா, இத்தனை காலம் விலகக் கூடாது என்ற நிபந்தனை உண்டா என்றும் கேளுங்கள். புதிய நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பின்வாங்கினால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும், ஒப்பந்தத்தைப் பொறுத்து வேறு சிக்கலும் வரலாம். இந்த நிலையில், என் மனசு போகச் சொல்கிறது.

மேலாளர் நல்லவர் என்பதை நம்புகிறேன். இன்னொருவரைத் தேடிப் பழக்குவது அவருக்குப் பெரிய பாடு, அதனால் தடுக்கிறார். அதில் வஞ்சம் இல்லை. "யோசிக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது பேரத்துக்குக் கூப்பிடுவது போல ஆகிவிடும். "எனக்காக முயற்சி எடுத்ததற்கு நன்றி சார். முடிவு எடுத்துவிட்டேன். யாரிடம் எதை ஒப்படைக்கட்டும்?" என்று கேளுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளையெல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

கடிதம் அனுப்பும் முன் நியமன ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள்: எத்தனை நாள் நோட்டீஸ், பணம் கட்டி முன்கூட்டியே விலகலாமா, வாங்கிய போனஸைத் திருப்பித் தர வேண்டுமா. சம்பளச் சீட்டுகளையும் உங்கள் கைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடிதம் போன அன்றே கணினியை முடக்கிவிடுவார்கள். அலுவலகக் கோப்புகளை மட்டும் தொடவே தொடாதீர்கள்.