ஆடாத விண்மீன் ஆடுகிறதே!

கேள்வி: ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் ஐன்ஸ்டீன் டூல்கிட் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றி, புதிதாகப் பழகுவோருக்கு அதில் தந்திருக்கும் நியூட்ரான் விண்மீன் (மிக மிக அடர்ந்து சுருங்கிய விண்மீன்) கணக்கை ஓட்டினேன். அசையாமல் நிற்கவேண்டிய விண்மீன் அது. ஆனால் அதன் நடு அடர்த்தி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்?
– எம்.எஸ்ஸி. மாணவி, தக்கலை

பதில்: தவறு உன்னுடையது இல்லை, மக்களே. நானும் இதே பாடு பட்டவன்தான். என் பழைய லேப்டாப்பில் அதைக் கம்பைல் செய்யவே ஓர் இரவு போயிற்று. ஆடிச் சாரலில் இரண்டு தடவை கரண்ட் வேறு போனது. கடைசியில் நடு அடர்த்தியின் கோடு படத்தில் நெளிந்து வரவும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். மறுபடியும் நெளிந்தது.

அந்த விண்மீனில் ஈர்ப்பும் அழுத்தமும் சரிக்குச் சரி நிற்கும். டோல்மன், ஓப்பன்ஹைமர், வோல்காஃப் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1939-இல் தந்த சமன்பாடு சொல்லும் சமநிலை அது. ஆனால் கணினி அந்த உருண்டையைச் சதுரக் கட்டங்களில் அல்லவா வைக்கிறது? ஓலைப்பாயில் வட்டம் பின்னினால் ஓரம் பல் பல்லாகத் தெரியுமே, அதே கதைதான். அந்தச் சிறு பிசகு விண்மீனை லேசாகத் தட்டிவிடுகிறது. தட்டிய மணி போல அதுவும் தன் சொந்தச் சுருதியில் ஆடுகிறது. சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறையுள்ள அந்த மாதிரி விண்மீனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1440 முறை. காகிதக் கணக்கிலும் இதே எண்தான் கிடைக்கிறது.

அதனால் நெளிவைத் தூக்கி எறியாதே. ஐந்து மில்லிநொடிக்காவது ஓட்டி, ஃபூரியர் மாற்றம் (ஆட்டத்தில் எந்தெந்தச் சுருதி இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்து பார். 1440-க்குப் பதில் நொடிக்கு ஏறக்குறைய 2700 முறை என்று வந்தால், காலவெளியை, அதாவது ஈர்ப்பை, மாறாமல் உறையவைத்து விண்மீனின் பாய்மத்தை மட்டும் ஓட்டியிருக்கிறாய் என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு சோதனை. கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் ஆட்டம் குறையவேண்டும். ஆனால் முப்பரிமாணத்தில் புள்ளிகள் எட்டு மடங்கு, காலப் படிகள் இரண்டு மடங்கு. ஒரு மணி நேர வேலை பதினாறு மணி நேரமாகும். எனக்குப் பிடித்தது இதன் தலைகீழ் வழி: இடைவெளியை இரட்டிப்பாக்கு. சீக்கிரம் முடியும், ஆட்டமும் பெரிதாகும். பெரிதாகவில்லையென்றால் பிழையை வேறெங்காவது தேடு.

இந்த மென்பொருளின் அடித்தளத்துக்குக் கள்ளிச்செடியின் பெயர், காக்டஸ். நடுப்பகுதி சதை, ஒவ்வொரு நிரல்தொகுதியும் முள். ஆரல்வாய்மொழிப் பக்கம் கள்ளிக்குள் விளையாடி வளர்ந்த எனக்கு அது உடனே மனதில் பதிந்தது. ஒரு முள்ளைத் திறந்து உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

கருந்துளை மோதலை மட்டும் இப்போது தொடாதே. அதற்கு லேப்டாப் பற்றாது. பழைய இடைவெளி, இரட்டித்த இடைவெளி இரண்டின் கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து அனுப்பு, பார்க்கிறேன்.